ஜெய்னப் சொல்லாமல் விட்டது

ஜெய்னப்புக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது மாமி மகள் ஒருத்தி அவளுடைய கொலுசைக் கிணற்றில் போட்டுவிட்டாள். ஜெய்னப் அழவில்லை. யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. நோன்புப் பெருநாள் வரும்வரை பொறுத்திருந்தாள். பெருநாளன்று அந்தப் பெண்ணின் புதுச் செருப்பு இரண்டும் அதே கிணற்றில் மிதந்தன. உம்மா அஸ்மத் அடித்துக் கேட்டபோதும் வாய் திறக்கவில்லை. பரங்கிப்பேட்டையில் அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள், இந்தப் பிள்ளையிடம் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்று சிரித்தபடி சொல்வார்கள்.

அப்படிப்பட்டவள் இயற்பியல் படித்தாள். வாப்பாவுக்குப் பினாங்கில் துணி வியாபாரம். எப்போதாவது ஊருக்கு வருகிற மனிதர் மகளின் ஆசைக்குக் குறுக்கே நிற்கவில்லை. தெருப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டிலிருந்தவள் உம்மாதான். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பாள் ஜெய்னப். பெண்கள் பெட்டியில் ஏறியதும் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பாள். இப்படியே சிதம்பரம் போய் வந்து எம்.எஸ்ஸி. முடித்தாள். கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். வேலை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். உம்மா அவளோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேலை கிடைத்த இடம் கடலூர். கெடிலம் ஆற்றங்கரையில் ஓர் எண்ணெய் வியாபாரி தானமாக விட்டுப்போன பங்களாவில் ‘கெடிலக்கரை ஆய்வுக்கூடம்’ நடந்துவந்தது. அதன் தலைவர் பேராசிரியர் தில்லைநாதன். நெற்றி நிறைய விபூதி, கையில் எப்போதும் ஒரு குடை, இனிமையான பேச்சு. இளமையில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். தலைவரான பிறகு கமிட்டி, கையெழுத்து, திறப்பு விழா என்று போனதில் சொந்த ஆராய்ச்சி நின்றே போயிருந்தது. ஒரு முஸ்லிம் பெண் தனியாக வந்து ஆண்களோடு வேலை செய்வதா என்று ஆய்வுக்கூடத்தை நடத்திய டிரஸ்டின் செயலாளர் கோவிந்தசாமி தயங்கியபோது, மார்க் இருக்கிறது, மூளை இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று வாதாடி 1961-ல் அவளைச் சேர்த்துக்கொண்டவரும் இதே தில்லைநாதன்தான். அதனால் அவர்மேல் அவளுக்கு வாப்பாவிடம் இருக்கும் மரியாதை இருந்தது.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி புரதத்தைப் பற்றியது. உடம்பில் எல்லா வேலையையும் செய்கிற புரதம் ஒரு நீண்ட சங்கிலி. அது கண்டபடி கிடப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட விதமாகச் சுருண்டு மடிந்தால்தான் வேலை செய்யும். சூடாக்கினாலோ யூரியாவில் போட்டாலோ அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த சங்கிலி, யாரும் கை வைக்காமல் தானாகவே பழையபடி மடிந்துகொள்ளுமா? விரித்துப் போட்ட பாய், ஆள் இல்லாமலே பழைய சுருளாகச் சுருட்டிக்கொள்வது போன்ற காரியம். அமெரிக்காவில் ஒரு புரதத்தை வைத்து அப்படி நடப்பதாகக் காட்டியிருந்தார்கள். எல்லாப் புரதத்துக்கும் அது பொருந்துமா, எந்த வேகத்தில் மடிகிறது, எந்தப் பகுதி முதலில் மடிகிறது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. இது வேதியியல்காரன் கேள்வி அல்ல, இயற்பியல்காரியின் கேள்வி என்று அவள் நினைத்தாள்.

ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரே நல்ல கருவி போலாரிமீட்டர். இருட்டறையில் சோடியம் விளக்கைப் போட்டு, அந்த மஞ்சள் ஒளியைப் புரதக் கரைசல் வழியாக அனுப்பினால் ஒளி சற்றே திரும்பும். மடிந்த புரதத்துக்கு ஓர் அளவு, அவிழ்ந்த புரதத்துக்கு வேறோர் அளவு. கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால், புரதம் மடிவதை ஒளியின் திருப்பத்திலேயே படிக்கலாம்.

புரதத்துக்கு முட்டையின் வெள்ளைக்கருவை எடுத்தாள். முதல் வருடம் முழுக்கக் கோழிமுட்டைதான். அவிழ்ப்பது சுலபமாக இருந்தது. திரும்ப மடிய வைக்க, யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கும்போது ஒவ்வொரு முறையும் கரைசல் மோர் மாதிரி திரிந்துபோகும். உப்பைக் கூட்டினாள், குறைத்தாள், சூட்டை மாற்றினாள். திரிந்துகொண்டேதான் இருந்தது. பிறகு ஐப்பசி மழையில் பாதை அறுந்து கடைத்தெருவில் முட்டை கிடைக்காமல் போன ஒரு வாரம், உதவியாளர் ராஜாமணி தன் ஊரான குமராட்சியிலிருந்து ஒரு கூடை வாத்து முட்டை கொண்டுவந்தார். அறுவடையான வயலில் வாத்து மேய்ப்பவர்களிடம் வாங்கியது. சும்மா இருப்பதற்கு இதையாவது பார்ப்போம் என்று ஜெய்னப் அதை உடைத்தாள்.

அது திரியவில்லை. யூரியா நீங்க நீங்க, ஒளியின் அளவு மெல்ல நகர்ந்து, மடிந்த புரதத்தின் அளவிலேயே வந்து நின்றது. கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது கரைசல். ஜெய்னப் இருட்டறையை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். என்னம்மா ஆச்சு என்று ராஜாமணி பதறிக்கொண்டு ஓடிவந்தார். ஒன்றுமில்லை அண்ணே, மடிஞ்சிடுச்சு என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சிரித்ததால் அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் வாத்து முட்டையை விடவே இல்லை. திரும்பத் திரும்பச் செய்து, வரைபடங்கள் போட்டாள். எப்படிச் செய்தாள் என்ற விவரத்தைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தாள். தில்லைநாதன் வரைபடங்களைப் பார்த்து மகிழ்ந்துபோனார். ஆனால் இருட்டறைப் பக்கம் அவர் வரமாட்டார். சுத்த சைவம், முட்டை வாடையே குமட்டும். வாசலில் குடையோடு நின்று, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, ‘எப்படிப் போகுதும்மா’ என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

1964-ன் தொடக்கத்தில் பினாங்கில் வாப்பா இறந்துபோனார். மய்யித்தின் முகத்தைக் கூடப் பார்க்க முடியாத துக்கம். கணவனை இழந்தவர்கள் வெளியே வராமல் நாலு மாதம் பத்து நாள் காக்கிற இத்தாவில் உம்மா இருந்தாள். ஜெய்னப் நீண்ட விடுப்பு எடுத்து வீட்டோடு இருந்தாள். அந்தச் சமயம் தில்லைநாதன் ஆள் அனுப்பி, வருடாந்தர அறிக்கைக்கு வேண்டும் என்று வரைபடங்களையும் உப்பு, யூரியா அளவுகளையும் கேட்டார். உம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தனுப்பினாள்.

அவள் வேலைக்குத் திரும்பிய சில மாதத்தில் ஒரு பெரிய அறிவியல் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. வரைபடங்கள் அவளுடையவை. அளவுகள் அவளுடையவை. பெயர்கள் இரண்டு: ஒன்று தில்லைநாதன், மற்றது அவர் மருமகன். அந்த மருமகன் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததே தீபாவளிக்கு ஒரு தடவைதான். கடைசியில் சிறிய எழுத்தில், கருவிகளைத் துடைத்துப் பராமரித்த குமாரி ஜெய்னப்புக்கு நன்றி என்று போட்டிருந்தது.

அவள் அதை நின்றபடியே படித்தாள். இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. செய்முறை என்ற பகுதியில், கடையில் வாங்கிய புதிய கோழிமுட்டை என்று எழுதியிருந்தார்கள். மாமனார், மருமகன் இருவரில் ஒருவருக்கும், இது என்ன முட்டை என்று கேட்கத் தோன்றவில்லை. முட்டை என்றால் கோழிமுட்டை.

அன்றைக்கே அவள் செயலாளர் கோவிந்தசாமியிடம் போனாள். முட்டையைப் பற்றிச் சொல்லவில்லை; வேலை என்னுடையது என்று மட்டும் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். தலைவர் பேர் போடுவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம், அவர் இல்லாவிட்டால் உனக்கு இந்த வேலையே இல்லை, பெரியவர் பேரைக் கெடுத்துக்கொண்டு நீ எங்கே போவாய் என்றார். ஜெய்னப் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

பரங்கிப்பேட்டை போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். கோழி என்பதை வாத்து என்று திருத்தச் சொன்னால் அவர் திருத்திவிடுவார். கட்டுரை சரியாகிவிடும், அவருடைய கட்டுரையாகவே சரியாகிவிடும். சொல்லாவிட்டால், அந்தக் கட்டுரையை நம்பி யார் செய்து பார்த்தாலும் மோராகத் திரியும். ஒருநாள் அவரைக் கேட்பார்கள். அவரிடம் பதில் இருக்காது. வண்டி வெள்ளாற்றை நெருங்குமுன் அவள் முடிவு செய்துவிட்டாள். வாயைத் திறக்கப் போவதில்லை.

உம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, “அல்லா இருக்கான், அவன்கிட்ட விட்டுடு” என்றாள்.

“அவன் பாத்துக்குவான் உம்மா. நான் குறுக்க போகாம இருக்கேன், அவ்ளோதான்” என்றாள் ஜெய்னப்.

ராஜாமணியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். முட்டை எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டால் சொல்ல வேண்டாம் அண்ணே என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஒருமுறை தில்லைநாதனே வராந்தாவில் கூடையோடு போனவரை நிறுத்தி, என்னய்யா அது என்று கேட்டாராம். முட்டை சார் என்றாராம் ராஜாமணி. தில்லைநாதன் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாராம்.

கட்டுரையால் தில்லைநாதனுக்கு யோகம் அடித்தது. மாலை போட்டார்கள். டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. புதுக் கட்டடத்துக்கும் புதுக் கருவிகளுக்கும் பெரிய மானியம் தருவதாகப் பேச்சு நடந்தது. இந்தி எதிர்ப்புக் கலவரத்தில் கல்லூரிகள் மூடிக் கிடந்த மாதங்களில்கூட அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு மாலையையும் ஜெய்னப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருவியைத் துடைத்தாள். சொன்ன வேலையைச் செய்தாள். கொஞ்சம்கூட முகம் கோணவில்லை. ‘நல்ல பொண்ணு, மனசுல எதையும் வச்சுக்காது’ என்று தில்லைநாதன் பிறரிடம் சொன்னது அவள் காதுக்கும் வந்தது. உயரட்டும், விழுகிற உயரம் கூடட்டும் என்று நினைத்தாள்.

1966 தை மாதம் சிதம்பரத்தில் ஓர் அறிவியல் சங்கத்தின் மாநாடு. தில்லைநாதன் பேசி முடித்து உட்கார்ந்ததும், பின்வரிசையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள். பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறவள், பெயர் சௌந்தரம். கட்டுரையில் சொன்னபடி கோழிமுட்டையில் பலமுறை செய்து பார்த்ததாகவும், ஒருமுறைகூட மடியவில்லை, எல்லாம் திரிந்துவிட்டது என்றும் சொன்னாள். கூட்டத்தில் சலசலப்பு. மானியம் கொடுக்க இருந்த கமிட்டிக்காரர்கள் இருவர் முன்வரிசையில் இருந்தார்கள். தில்லைநாதன் சிரித்தார். அம்மாவுக்குக் கைப்பழக்கம் போதவில்லை போலிருக்கிறது, நாளை மறுநாள் கடலூருக்கு எல்லாரும் வாருங்கள், கண் முன்னால் செய்து காட்டச் சொல்கிறேன் என்றார். பிறகு ஜெய்னப் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

ஜெய்னப்பும் தலையசைத்தாள்.

கடைத்தெருவுக்குத் தானே போய் நல்ல கோழிமுட்டையாகப் பார்த்து வாங்கினாள். கட்டுரையை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே புரதத்தைப் பிரித்தெடுத்தாள். ஓர் அளவுகூடத் தவறவில்லை. சொன்ன நாளில் காலையிலேயே கமிட்டிக்காரர்கள், சௌந்தரம், கோவிந்தசாமி எல்லாரும் இருட்டறையை ஒட்டிய ஆய்வறையில் மேசையைச் சுற்றி நின்றார்கள். தில்லைநாதன் முதல்முறையாக அந்த அறைக்குள் வந்து, ஜன்னலோரமாக நின்றார்.

“ஆரம்பிம்மா” என்றார்.

ஜெய்னப் பிப்பெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, “சார், பேப்பர்ல இருக்கிறபடியே செய்யட்டுமா?” என்றாள்.

“அப்படியே செய்ம்மா. நம்ம பேப்பர்தானே.”

“எதுவும் மாத்த வேணாமா சார்?”

“ஒரு எழுத்து மாத்த வேணாம்” என்றார் அவர், விருந்தாளிகளைப் பார்த்துப் புன்னகைத்தபடி.

அவள் செய்தாள். தெளிவாக இருந்த கரைசல் பாதி வேலையில் லேசாகப் புகைபடிந்தாற்போல ஆனது. பிறகு வெளுத்தது. பிறகு துணுக்குத் துணுக்காகத் திரிந்து அடியில் இறங்கியது. கமிட்டிக்காரர் ஒருவர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள். மறுபடியும் அதே கதிதான். எந்தக் கட்டத்தில் தவறு வந்திருக்கலாம் என்று அவர்கள் தில்லைநாதனிடம் கேட்டார்கள். எந்தச் சூட்டில் செய்தீர்கள், எவ்வளவு நேரம் ஆற விட்டீர்கள், வெள்ளைக்கருவை முதலில் எப்படிப் பிரித்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கியது. கடைசியில் ஒருவர், நீங்கள் இதை உங்கள் கையால் செய்திருக்கிறீர்களா ஐயா என்று மரியாதையாகவே கேட்டார். தில்லைநாதன் தரையைப் பார்த்தார். ஜெய்னப் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம்கூடக் கண்ணை எடுக்கவில்லை. நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் இறங்குவது போல இருந்தது.

எல்லாரும் போன பிறகு அவர் இருட்டறை வாசலுக்கு வந்தார். துண்டு மூக்கில் இல்லை.

“உன் கையில வந்துச்சே ஜெய்னப். இன்னிக்கு என்ன பண்ணின?”

“நீங்க எழுதினதப் பண்ணினேன் சார்.”

அவருக்கு மெல்லப் புரிந்தது. எதையோ இவள் மறைக்கிறாள் என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை. திருத்தம் ஒன்று அனுப்பலாம், அதில் உன் பேரை முதலில் போடுகிறேன், மருமகன் பேரை எடுத்துவிடுகிறேன், என்ன என்று மட்டும் சொல் என்றார்.

“என் பேருதான் அதுல இருக்குதே சார், கருவி தொடைச்சதுக்கு” என்றாள் ஜெய்னப். துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பெஞ்சில் சௌந்தரம் உட்கார்ந்திருந்தாள். அவள் விழுப்புரம் பக்கம் போக வேண்டும், இவள் பரங்கிப்பேட்டைப் பக்கம். ஜெய்னப் சந்தோஷத்தில் இருந்தாள். யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சௌந்தரம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அலமாரிக்கு அடியில ஒரு கூடை இருந்துச்சு. வெளிர்பச்சை ஓடு. அது வாத்து முட்டைதானே?” என்று கேட்டாள். “நான் குமராட்சில பொறந்தவ. எனக்குத் தெரியாதா.”

ஜெய்னப் ஆமாம் என்றாள்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“பேப்பர் வந்த அன்னிக்கே.”

சௌந்தரம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். ஒரு வருடத்துக்கு மேலாகத் தான் கோழிமுட்டையை உடைத்துக்கொண்டே இருந்ததையும், கடலூரில் வந்தது இங்கே ஏன் வரவில்லை, உனக்குக் கை சரியில்லை என்று தன் தலைவர் சொல்லிவிட்டதையும், அடுத்த மாதத்தோடு உதவித்தொகை நிற்கப்போவதையும் மெதுவாகச் சொன்னாள். கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்றுதான் சிதம்பரம் வந்தாளாம். ஜெய்னப் தன் கதையைச் சொன்னாள். விடுப்பு, வரைபடங்கள், சிறிய எழுத்தில் போட்ட நன்றி, எல்லாவற்றையும் சொன்னாள். சௌந்தரம் குறுக்கிடாமல் கேட்டாள்.

“அந்த ஆளுக்கு வேணும்தான்” என்றாள் பிறகு. “எனக்கு ஒரு போஸ்ட்கார்டு போட்டிருக்கலாமே.”

“நீங்க இருக்கிறதே எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா போட்டிருப்பீங்களா?”

ஜெய்னப் வண்டி வரும் திசையைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. விழுப்புரம் வண்டி வந்தது. சௌந்தரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மானியம் வரவில்லை. தில்லைநாதன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சிதம்பரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். வீண் செலவு என்று கோவிந்தசாமி ஆய்வுக்கூடத்தையே மூடினார். ஜெய்னப்புக்குச் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது. ராஜாமணிக்கு அங்கே ஓர் இடம் கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ‘நீ கலங்காத பாப்பா’ என்று சொல்லிவிட்டு, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கப் போனார்.

வாத்து முட்டையைப் பற்றித் தன் பெயரில் அவள் எழுதிய கட்டுரையை இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. கடலூரிலிருந்து இதே விஷயத்தில் ஏற்கெனவே ஒரு பொய்க் கட்டுரை வந்திருக்கிறது, நம்புவதற்கில்லை என்றார்கள். அதற்குள் வெளிநாட்டில் வேறு யாரோ முட்டைப் புரதங்களை வைத்து அதையே இன்னும் நன்றாகச் செய்து முடித்துவிட்டார்கள். 1968-ல் ஒரு சின்ன இதழ் அவளுடையதை இரண்டு பக்கமாகச் சுருக்கிப் போட்டது. அதில் ஒரே பெயர்தான் இருந்தது.

அடுத்த வருடம் சிதம்பரம் மேல வீதியில் தில்லைநாதன் எதிரே வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார். அவளைப் பார்த்து நின்றார். உன் கட்டுரையைப் படித்தேன் என்றார். ஒரு நாளாவது அந்த அறைக்குள் வந்து பார்த்திருக்க வேண்டும், தப்பு பண்ணிவிட்டேன் என்றார். கண் கலங்கியிருந்தது. ஜெய்னப் கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தது. உடம்பைப் பார்த்துக்கங்க சார் என்று சொல்லிவிட்டு நடந்தாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள். உம்மாவிடம் சொன்னபோது, கல்லு மனசுடி உனக்கு என்றாள் உம்மா. அவள் மறுக்கவில்லை.

அவளுக்குத் தூக்கம் வராமல் போனது சௌந்தரத்தை நினைத்த நாட்களில்தான். பெங்களூரை விட்டுவிட்டு அவள் குமராட்சிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனாள். கையோடு ஒரு யோசனையும் கொண்டுபோயிருந்தாள்: கல்லூரியில் ஒரு பழைய போலாரிமீட்டர் இருக்கிறது, கோழிமுட்டை ஏன் திரிகிறது என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம், இரண்டு பெயரும் போடலாம்.

சௌந்தரம் நாற்காலி எடுத்துப் போட்டாள். காபி கொடுத்தாள். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்ததைப் பற்றியும் பிள்ளைகளுக்குப் பின்னம் புரியாததைப் பற்றியும் பேசினாள். ஜெய்னப் தன் யோசனையைச் சொன்னபோது கடைசிவரை கேட்டாள். முகத்தில் ஒரு நிமிடம் பழைய ஆசை வந்து போனதை ஜெய்னப் பார்த்தாள்.

“நல்ல கேள்விதான்” என்றாள் சௌந்தரம். “நீங்களே பண்ணுங்க. என்னால உங்க பக்கத்துல நின்னு வேலை பாக்க முடியாது. எதைச் சொல்றீங்க, எதைச் சொல்லாம வைக்கிறீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கணும்.”

பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்து வழியனுப்பினாள். இனிமேல் வராதீர்கள் என்று கோபமில்லாமல் சொன்னாள். ஜெய்னப் சரி என்றாள். பஸ்ஸில் ஏறி, அறுவடையான வயல்களைப் பார்த்தபடி சிதம்பரம் வந்து சேர்ந்தாள். திங்கட்கிழமை அந்தப் பழைய கருவியைத் தனியாகவே திறந்தாள்.